நூல் கடை அலமாரி

தேக்கு இழைக்கும்போது வரும் வாசனைக்கு முன்னால் மல்லிகைப்பூ நிற்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. இதைப் பெண்டாட்டியிடம் சொல்லப்போய் இரண்டு நாள் காப்பி கிளப்பில் சாப்பிட்டேன்.

செல்லூரில் சேக் இஸ்மாயில் பாயின் நூல் கடைக்குச் சுவரோடு சுவராக அலமாரி செய்து மாட்டியது நான்தான். பதினாறு அடி நீளம். மரம் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. அந்தச் சுவரின் நடுவில் ஒரு பின்வாசல் இருந்தது. அதை விட்டுவிட்டுச் செய்யச் சொன்னார் பாய். நடுவில் ஓட்டை விட்டால் அது அலமாரியா, பல் போன கிழவன் வாயா? அவர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் வாசலையும் மறைத்தே மாட்டிவிட்டேன். பின்சந்தில் நின்று முதுகுப்பலகையைப் பன்னிரண்டு திருகாணியால் நிலையோடு இறுக்கினேன்.

"வாசல் எங்கே ஆசாரி?" என்றார் திரும்பி வந்த பாய். பிறகு அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். அதற்கப்புறம் வாசலைப் பற்றிப் பேசவில்லை.

அங்கே நூல் சுற்றும் பாண்டியம்மாள்தான் கேட்டாள். "ஏண்ணே, ஒரு ஆத்திர அவசரத்துக்கு எப்பிடி வெளிய போறது?"

"முன்வாசல் இம்புட்டு அகலம் கெடக்கு. உனக்குப் பத்தாதாக்கும்?" என்றேன். அவளும் சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், முன்வாசல் பக்கம் இருந்த சாய அடுப்பிலிருந்து நூல் சிப்பத்தில் தீப்பிடித்தது. அடுத்த தெருவில் ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்த நானும் சோணையும் பின்சந்துக்கு ஓடினோம். சோணை பதினைந்து வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். உள்ளேயிருந்து பாண்டியம்மாள் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சோணை கோடாரியை ஓங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள ஆளு இருக்குண்ணே."

"தெரியும்டா. திருகாணியைக் கழட்டுனா பலகை அலுங்காம வந்துரும். திருப்புளியை எடு."

நான் பதறவில்லை. பதறினால் திருகாணியின் தலை மழுங்கிவிடும், அப்புறம் அது எந்த ஜென்மத்திலும் கழலாது. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஐந்தாவதில் அவள் "அண்ணே, அண்ணே" என்பதை நிறுத்தினாள். ஏழாவதில் தட்டுவதையும் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் வேலை ஒழுங்காக ஓடியது. எட்டாவது கழலும்போது சோணை என்னைக் கீழே தள்ளிவிட்டுப் பலகையில் கோடாரியைப் போட்டான்.

அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பலகையை உடைத்தது சோணை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.