அஞ்சாவது கை

...கிற்றாரைக் கழுத்தில பிடியாதேங்கோ நானா, அது... சரி, பிடியுங்கோ. வாங்க வந்த ஆள்தானே. ஆனா விளம்பரத்தில 'பாவிக்கிறதில்லை' எண்டு போட்டது நான் இல்ல, என்ர மகள் சுதர்ஷினி. இந்தக் கிற்றாரை முப்பத்தெட்டு வருசமாப் பாவிக்கிறன். போன கிழமை வரைக்கும் பாவிச்சனான். இருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ, தோப்பூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு.

நங்கூரம் மியூசிக் பாண்ட் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? இல்லையா... ம். அதுதான் எங்கட பிரச்சினையே. ஒரு காலத்தில நாங்க அஞ்சு பேர் இல்லாம திருகோணமலையில ஒரு கொண்டாட்டம் நடந்ததில்ல. என்னைச் 'சோலோ சிவபாதம்' எண்டுதான் சொல்லுவாங்கள். நாலு நிமிசம் தனிய வாசிப்பன், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடினதுதான் பிழை. போன டிசம்பர் கடற்கரையில வாசிச்சு முடிச்சுத் திறந்து பாக்கிறன், பொடியள் முழுக்கக் கொத்துரொட்டிக் கடையில நிக்கிறாங்கள். கொத்துக்காரன் வந்து கை குடுத்து, "அண்ணே, அடுத்த வருசமும் வாங்கோ" எண்டவன்.

அதுக்குப் பிறகுதான் லாபிர், எங்கட ட்ரம்ஸ், சொன்னவன், சத்தத்தை மாத்தாட்டி ஏலாது எண்டு. அவன்ர மகள் அப்ரா கெட்டிக்காரி. எங்கட பழைய பாட்டொண்டை லப்டொப்பில புதுசாச் செய்து தந்தாள். நெஞ்சுக்குள்ள இடிக்குது. நல்லாத்தான் இருந்தது. ஆனா என்ர சோலோ வாற இடத்தில மெசின் வாசிக்குது நானா. நான் விடுவனா?

நீதியாச் செய்வம் எண்டனான். என்ர யோசினை, வேற ஒருத்தரும் சொல்லேல்ல. அதே பாட்டு ரெண்டு விதமா வேணும், ஒண்டில என்ர கை, மற்றதில மெசின். எது எது எண்டு அப்ராவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியப்படாது. கேட்டிட்டு, நல்லதுக்குக் கை தூக்குறது. அவ்வளவுதான்.

முதலாவதைப் போட்டாள். பாவம், மெசின் தடுமாறுது, பிந்திப் பிந்தி வருது எண்டு நான் சிரிச்சனான். லாபிரின்ர துடையில தட்டித் தட்டிச் சிரிச்சனான். ரெண்டாவதைப் போட்டாள்... எனக்குக் கண் கலங்கிற்று. இன்னும் இந்தக் கையில இவ்வளவு கிடக்கா எண்டு.

வாக்கு ரெண்டுக்கு ரெண்டு. அஞ்சாவது கை என்ர. சும்மா தூக்கேல்ல, எழும்பி நிண்டு, "இதுதானடா வாசிப்பு" எண்டு சொல்லித் தூக்கினனான்.

அப்ரா நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள், "அங்கிள், ரெண்டாவது மெசின்."

ஆரில கோபப்படுறது? நாலாம் நாள் மகளிட்டச் சொன்னனான், கிற்றாரை வித்துவிடு எண்டு. வெக்கம் நானா. தோத்ததுக்கு இல்ல. என்ர கையை எனக்கே தெரியேல்ல.

நீங்க வெளியாள், நீங்க கேட்டுச் சொல்லுங்கோ. ரெண்டும் போனில கிடக்கு. இது முதலாவது... இது ரெண்டாவது... ம். சொல்லுங்கோ.

முதலாவதா?

என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லுறீங்க, என்ன? நல்ல மனுசன் நீங்க. ஆனா இந்த முறை நான் மாத்திப் போட்டனான். முதலாவதுதான் மெசின்.

சரி, கிற்றாரைத் தூக்குங்கோ. வாசிக்கப்போற உங்கட பிள்ளைக்குச் சொல்லுங்கோ, மூண்டாவது கம்பி கெதியா இளகும். வாற சனிக்கிழமை கடற்கரையில எங்கட புரோகிராம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஓம், நானும் நிப்பன். எனக்கு வேலை தந்திருக்கிறாங்கள், மைக்குக்கு முன்னால நிண்டு கை தட்டுறது. அதையும் மெசின் செய்யுமாம். லாபிர்தான், சிவபாதம் தட்டினாத்தான் பாட்டு எண்டு ஒரே பிடியா நிண்டவன். நேற்று ஒத்திகை. நான் பிந்தித்தான் தட்டினனான். எனக்கே கேட்டது. பிறகு பாத்தா நானா... அவங்களும் என்னோட சேந்து கொஞ்சம் பிந்தி வாசிச்சாங்கள்.