மஞ்சள் தாளின் கடைசி வரி

வறுத்த கோழியின் முதல் துண்டைத் தான் எடுக்காமல் ஆட்டக்காரர்களின் மேசைக்கு அனுப்பிவிட்டு, இந்த விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரித் தலைவர் டாக்டர் ஐரீன் வால்காட் அம்மையார் அவர்களே! பனி பெய்தாலும், பாதை மறைந்தாலும், பழுதான வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்து பலகை இருக்கையில் அமர்ந்து கைதட்டும் மில்ஹேவன் பெரியோர்களே! சோள விதைப்பை ஒரு மாலை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விவசாயத் தோழர்களே! பெற்ற பிள்ளை பந்தைத் தவறவிட்டால் நடுவரைத் திட்டும் பேரன்பு கொண்ட தாய்மார்களே! அவர்களுள் ஒருவராக, கேரி நகரத்திலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் திருமதி ஓட்டிஸ் அவர்களே! பதின்மூன்று எண்களே! மன்னியுங்கள், பழக்கம். பதின்மூன்று ஆட்டக்காரர்களே! நான்காம் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கிழவன் என்ன சொல்லப்போகிறானோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ரோலண்ட் பெக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் சலவை அறையிலிருந்து சோப்பு மணக்கும் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். என் கையில் பதினொரு பக்கம் இருக்கிறது. என்ன எர்ல், கத்தியோடு நிற்கிறாய்? இனிப்பு ஆறிவிடுமா? அதை ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், உன் மனைவியைக் கேள்!

இந்தப் பதினொரு பக்கமும் என் கையால் எழுதியவை. நாளுக்கு ஒரு பக்கம். எனக்கு எழுபத்தொரு வயது. போன ஆண்டு அக்டோபர் வரை என் பெயரைக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஊர் நூலகத்தின் செவ்வாய்க்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டேன். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சாலைப் பலகையைப் படிக்கிறேன். மருந்துச் சீட்டைப் படிக்கிறேன். சோப்புத் தூள் பெட்டியைப் படிக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக அளவுக்கு இரண்டு மடங்கு தூள் போட்டு வந்திருக்கிறேன் என்பதை அந்தப் பெட்டியில்தான் படித்தேன். ஆட்டக்காரர்களே, உங்கள் முதுகு அரிப்புக்குக் காரணம் நான்தான். சிரியுங்கள், சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் நான் படித்த எல்லாமே சிரிக்கும்படி இருந்ததா? இல்லை. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

நமது ஊரில் ஒரு வழக்கு நடக்கிறது. நீதிமன்றத்தில் அல்ல, டோனட் கடையில்! பயிற்சியாளர் பெக் இங்கே வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு ஆட்டக்காரர்கள் நம்மை விட்டு வேறு கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். போன வசந்தத்தில் மட்டும் பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் போனார்கள். ஏன் போனார்கள்? கடையின் சன்னல் பக்கம் உட்காருகிறவர்கள் சொல்வது இது:

“அந்த ஆளு பசங்கள அடிச்சுத் துவைக்கிறான்யா. எந்தப் பய நிப்பான்?”

கல்லாப் பக்கம் உட்காருகிறவர்கள் சொல்வது இது:

“போய்யா. இந்தக் காலத்துப் பசங்க வெண்ணெய். லேசா சூடு பட்டாலே உருகிடுறானுங்க.”

சன்னல் சரியா? கல்லா சரியா? ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. விடை எங்கே இருந்தது தெரியுமா? என் சலவை அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் இழுப்பறையில் இருந்தது!

பெக் எப்படிப் பயிற்சி கொடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். உடற்பயிற்சி அரங்கின் நான்கு மூலையிலும் நான்கு குப்பைத் தொட்டி வைப்பார். ஓடி ஓடி வாந்தி வந்தால் அதில் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். அந்தத் தொட்டிகளைக் கழுவியவன் நான். அவர் குரல் கூரைத் தகட்டில் பட்டு என் அறைக்கு வரும். “முப்பத்திரெண்டு! உன் கால் ரெண்டும் தபால்ல வருதாடா?” “பன்னெண்டு! பந்து உன்ன கடிக்கவா போகுது? கிட்டப் போடா!” துண்டு மடித்துக்கொண்டே நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். சில நாள் சிரிக்காமலும் இருந்திருக்கிறேன்.

எனக்கு ஆட்டக்காரர்கள் எல்லோரும் எண்கள்தான். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு சலவை வளையம் உண்டு. பயிற்சி முடிந்ததும் வியர்த்த துணியை அந்த வளையத்தில் கோத்துக் கூடையில் போடுவார்கள். நான் வளையத்தோடு துவைத்து, அந்தந்த எண்ணின் கொக்கியில் மாட்டிவிடுவேன். எழுத்து எதற்கு? எண் போதும். இருபத்தாறு ஆண்டுகள் என் வண்டி அப்படித்தான் ஓடியது.

ஒருவன் கல்லூரியை விட்டுப் போவதென்றால் சட்டை, காலணி, வளையம் மூன்றையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘போகும் காரணம்’ என்று ஓர் இடம் உண்டு. அடியில் பொருள் காப்பாளரின் கையெழுத்து வேண்டும். பொருள் காப்பாளர் யார்? அடியேன்தான்! பேனாவை வாங்கிக் கோழி கிளறியதுபோல் எதையோ கிறுக்குவேன். வெள்ளைத் தாள் அலுவலகத்துக்குப் போய், யாரும் படிக்காமல் கோப்பில் உறங்கும். அடியில் இருக்கும் மஞ்சள் தாள் என்னிடம் நிற்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

படிக்கக் கற்றதும் அந்த இழுப்பறையைத் திறந்தேன். பெக் வந்த பிறகு சேர்ந்தவை மட்டும் நாற்பத்தொரு மஞ்சள் தாள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, மூன்று வாரம் படித்தேன்.

என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தேன்? ‘திட்டினார், கத்தினார், ஓடவிட்டார்’ என்று இருக்கும் என்றுதான். இருந்தது. ஆறு தாள்களில் இருந்தது. அதில் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ‘என் அப்பா சிறையில் இருப்பதை எல்லோர் முன்னாலும் சொன்னார்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். பெக் அவர்களே, அது தவறு. பயிற்சி என்ற பெயரில் அதைச் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. உங்களிடம் நேரில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தலையை ஆட்டுகிறார், பாருங்கள். நல்லது.

சிலர் வீட்டு நினைவு என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் ஒரு பெண்ணின் பெயரை மட்டும் எழுதியிருந்தான். அவனுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. ஆனால் மற்றத் தாள்கள்? பாதிக்கும் மேற்பட்ட தாள்கள்? கேளுங்கள்.

‘ஜனவரி வரை என்னைத் திட்டினார். பிறகு திட்டவில்லை.’

‘நான் உள்ளே வந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.’

‘தோற்ற மறுநாள் எல்லோரையும் ஓடவிட்டார். என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.’

அந்தக் கடைசித் தாளைப் படித்துவிட்டு நான் எழுந்து உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் எனக்கு யோசனை ஓடவில்லை. சன்னல்காரர்களே, கேட்டீர்களா? கல்லாக்காரர்களே, கேட்டீர்களா? கத்தினார் என்று போனவர்கள் சிலர். கத்துவதை நிறுத்தினார் என்று போனவர்கள் பலர்! குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தவர்கள் போகவில்லை. ஓடச் சொல்லாமல் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் போனார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது என்னைப் பற்றியது. தாளின் அடியில், என் கிறுக்கலுக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி. அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி கடன் வாங்கினேன். ‘பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் ஒன்றாக அமர்ந்து மேற்கண்ட காரணத்தைப் படித்த பின்னரே பொருள் காப்பாளர் கையெழுத்திட வேண்டும்.’

ஒன்றாக அமர்ந்தார்களா? நாற்பத்தொரு முறையில் ஒரு முறையாவது அமர்ந்தார்களா? இல்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவன் அதன் கீழே கையெழுத்துப் போட்டான்! நாற்பத்தொரு முறை ஒரு கதவைத் திறந்துவிட்டவன் நான். அது சாத்தி வைக்க வேண்டிய கதவு என்பதே எனக்குத் தெரியாது.

அன்று முடிவு செய்தேன். நாற்பத்திரண்டாவது தாள் வரட்டும்.

வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில். கொண்டுவந்தவன் பன்னிரண்டாம் எண். ட்ரேவன் ஓட்டிஸ். நமது அணியை நடத்துகிறவன், மார்ச் முதல் தேதி கணுக்கால் பிசகி உட்கார்ந்தவன். படிவத்தையும் வெறும் வளையத்தையும் என் மேசையில் வைத்தான்.

“இந்தா பெருசு, சீக்கிரம் கிறுக்கு. மத்தியானம் கெளம்பணும்.”

நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

“கிறுக்குறதுக்குக் கண்ணாடி எதுக்கு?”

“படிக்கிறதுக்கு.”

“என்னது?”

“படிக்கிறதுக்குப்பா. ‘பயிற்சியாளர்... என்னிடம்... பேசி... முப்பத்தொரு நாள்... ஆகிறது.’ சரியா?”

அவன் வாயைப் பிளந்தான். “அடப்பாவி பெருசு! உனக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துலதானே எல்லாரும் உண்மைய எழுதினோம்!”

“இப்பத் தெரியும். கோச் வந்து உக்காராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். கீழ எழுதியிருக்கு பாரு.”

“அவரு என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறாரு. இங்க வந்து உக்காரப் போறாரா?”

நான் போய் அழைத்து வந்தேன். என்ன சொல்லி அழைத்தேன் என்று கேட்காதீர்கள், டாக்டர் வால்காட் அம்மா. அறையில் வெள்ளம் என்று சொன்னேன்.

“என்ன ஆர்லோ, மிஷின் மறுபடியும் தண்ணி கக்குதா?” என்று வந்தவர், ட்ரேவனைப் பார்த்ததும் திரும்பினார். நான் கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றேன்.

“கோச், ஒம்பது வருஷமா உங்களுக்குத் துவைச்சுப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உக்காருங்க.”

“எங்கய்யா உக்கார்றது?”

“சோப்பு டப்பா மேல.”

உட்கார்ந்தார். நான் படித்தேன். என் படிப்பு மெதுவான படிப்பு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. பெக்கின் கழுத்து சிவந்தது.

“முப்பத்தொரு நாளா? நாள் எண்ணிக்கிட்டா இருந்த?”

“நீங்க கத்துற ஆளு கோச். கத்தல் நின்னா தெரியாதா?”

“கால் போன பையன்கிட்ட என்னத்தடா கத்துறது? பாவம்னு விட்டேன்.”

“பாவம்னு விட்டீங்களா? நான், ஆளையே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

அன்பர்களே, கூரைத் தகடு அதிரக் கத்தும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பிறகு கத்தல் வந்தது! இவர் கத்தினார், அவனும் கத்தினான். ‘மருத்துவர் சொன்னதைக் கேட்டியா?’ என்றார் இவர். ‘ஒரு தடவ வந்து பாத்தீங்களா?’ என்றான் அவன். நான் துண்டு மடித்தேன். இருபத்தாறு ஆண்டில் அந்த அறையில் நான் கேட்ட இனிமையான சத்தம் அதுதான்.

பிறகு அவர், “மத்த தாளெல்லாம் எங்க?” என்று கேட்டார். இழுப்பறையை உருவி மடியில் வைத்தேன். சோப்பு டப்பா மேல் உட்கார்ந்தபடியே நாற்பத்தொன்றையும் படித்தார். அந்த அப்பா பற்றிய தாள் வந்ததும் நிறுத்தினார்.

“இத நானா சொன்னேன்?”

“நீங்கதான் சொன்னீங்க. நான் தண்ணி வாளியோட பக்கத்துலதான் நின்னேன்.”

“அப்ப நீ ஏன்யா அன்னைக்கே சொல்லல?”

சபையோரே, அந்தக் கேள்வி எனக்கு உரியதுதான். எழுத்துத் தெரியாதது என் குறை. வாய் இருந்ததே! பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்ற குற்றத்தை அவர் மேல் மட்டும் எப்படிச் சுமத்துவேன்?

அந்தப் பழைய ஆட்டக்காரனை அவர் தொலைபேசியில் அழைத்தார். முதல் முறை அவன் வைத்துவிட்டான். இரண்டாம் முறை இரண்டு நிமிடம் பேசினான். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது.

ட்ரேவன் என்ன செய்தான்? அவ்வளவு எளிதில் இணங்குகிறவனா அவன்? அவன் அம்மா சிரிக்கிறார், பாருங்கள். படிவத்தையும் வளையத்தையும் என் மேசையில் நகர்த்தி வைத்தான்.

“விருந்து வரைக்கும் இங்கயே கெடக்கட்டும் பெருசு. கையெழுத்தும் போடாத, கிழிச்சும் போடாத.”

மூன்று வாரம் அது கிடந்தது. ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்ததும் முதலில் அந்த மேசையைத்தான் பார்த்தேன். வளையம் வெறுமையாகக் கிடந்தது. பன்னிரண்டாம் கொக்கியும் வெறுமையாக இருந்தது. இந்த அணி எழுமா, விழுமா என்று நீங்கள் டோனட் கடையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். இவன் இருப்பானா, போவானா?

நேற்று மாலை, துண்டுகளைக் கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடற்பயிற்சி அரங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. “பன்னெண்டு! ரெண்டு மாசம் தூங்கினது போதும், எழுந்து வாடா!” யாரோ சிரித்தார்கள். யார் சிரித்தார்கள் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை கதவைத் திறந்தேன். மேசையில் படிவம் இருந்தது. வளையம் இல்லை.

வளையம் எங்கே? கொக்கியில் தேடினேன், தரையில் தேடினேன். கடைசியில் அழுக்குக் கூடையைத் திறந்தேன். அங்கே கிடந்தது! பன்னிரண்டாம் எண் வளையம். அதில் கோத்த சட்டை, கால்சட்டை, இரண்டு காலுறை. பிழிந்தால் வாளி நிறையும் அளவுக்கு வியர்வை. அந்த நாற்றம் இருக்கிறதே, அம்மா, உங்கள் மகன் நாற்றம்! இந்த மேசைகளில் இருக்கும் மலரெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. கல்லூரியை விட்டுப் போகிறவன் எவனாவது அழுக்குத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போவானா?

கைதட்டல் எனக்கு வேண்டாம். அந்தப் பையனுக்குத் தட்டுங்கள். சோப்பு டப்பா மேல் உட்கார்ந்த அந்த மனிதருக்கும் தட்டுங்கள்.

கடுமை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கடுமையாக இருங்கள் பெக் அவர்களே, கூரை அதிரக் கத்துங்கள்! ஆனால் அவன் வீட்டாரைத் தொடாமல் கத்துங்கள். காலிருந்தாலும் காலொடிந்தாலும், வென்றாலும் வீழ்ந்தாலும், களத்தில் நின்றாலும் ஓரத்தில் அமர்ந்தாலும், அவன் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்! ஆட்டக்காரர்களே, போக நினைத்தால் போங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் எழுதியதை, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் முகத்தைப் பார்த்துப் படித்துவிட்டுப் போங்கள். டாக்டர் வால்காட் அம்மையாரே, இந்தக் கிழவனின் ஒரே விண்ணப்பம்: அடியில் கிடக்கும் அந்த எறும்பு வரியைத் தாளின் தலையில், யானை எழுத்தில் அச்சடியுங்கள். இனி அது நடக்காமல் என் கையெழுத்து விழாது. இப்போது எனக்கு அழகான கையெழுத்து வருகிறது. அதை மலிவாகக் கொடுப்பதாக இல்லை.

நாற்பத்திரண்டாம் தாள் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதில் போடாத கையெழுத்தை, இந்தப் பதினோராம் பக்கத்தின் அடியில் முழுப் பெயராகப் போட்டிருக்கிறேன். ஆர்லோ டங்கன். நானே எழுதினேன், நானே படித்தேன்.

மூன்று நிமிடத்தை முப்பதாக நீட்டியும் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், தாய்மார்களுக்கும், இனிப்பை இன்னும் வெட்டாமல் காத்திருக்கும் எர்லுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என்னை விடுங்கள். கூடையில் பன்னிரண்டு காத்திருக்கிறது. திங்கட்கிழமை பயிற்சிக்குள் துவைத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். இந்த முறை தூள் சரியான அளவுதான். வணக்கம்!