நான்காம் தொகுதியின் முதுகு

பழைய பேப்பர்பேக் புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறவர்களில் பாதிப் பேர் உறையின் வாயை ஒட்டிவிடுகிறார்கள். அது தப்பு, மேடம். உள்ளே ஈரம் தங்கினால் ஆறே மாதத்தில் அட்டையில் பழுப்புப் புள்ளி விழும். வாயை மடித்து மட்டும் விட வேண்டும். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை உள்ளே போட்டால் போதும். எனக்கு அதற்குப் பஞ்சமில்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடையில் வேலை. என் அலமாரியைச் சோதித்த உங்கள் ஆட்கள் புத்தகங்களைத் தரையில் வைத்திருக்கிறார்களாம். அவற்றை மேலே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நானே சொல்கிறேன். நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை.

‘நெடுவெளி’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. உங்கள் வயதுக்கு நினைவிருக்காது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. ஒரு விண்கலம், அதில் பதினொரு பேர். மூன்றாம் வருடத்தில் கலத்தின் பொறியாளர், ஒரு பெண், பனி மூடிய நிலவொன்றில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுக் கலம் போகிறது. அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். விளம்பரம் கிடைக்கவில்லையாம். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வியாழக்கிழமை அதே நேரத்தில் சமையல் நிகழ்ச்சி. ஒரு பெண்ணைப் பனியில் நிற்க வைத்துவிட்டு எனக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னைப் போல வயிறெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தார்கள். மிச்சக் கதையை அவர்களே எழுதினார்கள். அதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர் அக்கா. என் கூடப் பிறந்தவர் அல்ல. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சாயங்காலம் இயந்திரம் ஓய்ந்த பிறகு, முதலாளியின் அனுமதியோடு, மிஞ்சிய காகிதத்தில் நூற்றைம்பது பிரதி ஓட்டுவார். பத்தொன்பது வருடத்தில் பதினொரு தொகுதிகள். கெட்டி வண்ண அட்டை, பசை போட்ட முதுகு, தபாலில் வரும்.

ஐந்தாம் தொகுதியில் என் கதையும் இருக்கிறது. நான்கு பக்கம். நான் எழுதிய ஒரே கதை. பொறியாளரைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை. அவள் அந்த நிலவில் ஒரு வானொலியைப் பழுது பார்க்கிறாள், அவ்வளவுதான். அச்சில் பார்த்த அன்று கடையில் மூன்று பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.

பதினொன்றையும் சேர்ப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். நான்காம் தொகுதி அச்சான வாரம் அச்சகத்தில் குழாய் வெடித்து முக்கால்வாசி நனைந்துவிட்டது. தப்பியது முப்பதோ என்னவோ. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகத் தெரிந்து மூன்று வருடம் கடிதம் எழுதினேன். மனிதர் அசையவில்லை. அவர் இறந்த பிறகு மருமகள் கூப்பிட்டு அனுப்பினார். பழைய சட்டைகளோடு ஒரு பையில் கிடந்தது. “இதுக்கா மூணு வருஷம் லெட்டர் போட்டீங்க?” என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது பையை மடியை விட்டு இறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அன்றைக்கு அப்படி ஒன்றும் குறையாகத் தோன்றவில்லை.

இனி அக்காவின் கண். அவருக்குக் கண் அழுத்த நோய். அது வலிக்காது, மேடம். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத் தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து போட வேண்டும். கணவர் எப்போதோ போய்விட்டார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். என் கடை இரண்டு தெரு தள்ளி. மாதாமாதம் மருந்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். விரல் மூட்டு வலியால் அவருக்குப் புது மூடியைத் திருக வராது. அதனால் கடையிலேயே திறந்து வைத்து எடுத்துப்போவேன். ஆறு வருடம் ஒரு மாதமும் தவறியதில்லை. டாக்டரே பாராட்டியிருக்கிறார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாத் தொகுதிகளையும் சேர்த்து ஒரே புத்தகமாக, திருத்தின பதிப்பாகக் கொண்டுவர வேண்டும். கண் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்றார். அவரிடம் இருந்த பிரதிகள் வீடு மாறும்போது தொலைந்திருந்தன. என்னுடையதைக் கேட்டார். நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அக்காவாயிற்றே என்று பதினொன்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தை மடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சாப்பாட்டு மேஜையில் காகிதக் கட்டுகள் இருந்தன. ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாகச் செருகுவதற்காக முதுகை அறுத்திருந்தார். பதினொன்றுக்கும். நான்காம் தொகுதியின் முதுகு குப்பைக்கூடையில் ஒரு நீலக் கீற்றாகக் கிடந்தது. அறுத்த தாள்களில் சிவப்புப் பேனாவால் திருத்தம் வேறு.

“பேப்பர் கட்டரை வச்சு நேராத்தான் அறுத்தேன்” என்றார் அக்கா. “படிக்கத்தானேம்மா புத்தகம். மூடி வச்சுக் கும்பிடறதுக்கா?”

அவர் தேநீர் கொடுத்தார், குடித்தேன். பேச்சோடு பேச்சாக, “உன் கதையை அஞ்சுலேருந்து எடுத்துட்டேன்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குப்பைக்கூடையிலிருந்து அந்த நீலக் கீற்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரைப் பார்த்துக் கத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் என்கிறீர்கள். எனக்குக் கத்தத் தெரியாது. கடையில் நாள் முழுக்க யார் யாரோ என்மேல் எரிந்து விழுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையை எண்ணுவேன். அந்தப் பழக்கம்.

அடுத்த மாதம் அக்காவின் மருந்துப் புட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, கண் வறட்சிக்குப் போடுகிற சாதாரணச் சொட்டை ஊற்றினேன். அது விஷம் அல்ல. ஒரு கெடுதலும் செய்யாது. நான் அவர் கண்ணில் தீங்கான எதையும் போட்டதில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது. டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லை, வயதானவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்றார். “போட்டேன் டாக்டர். ஒரு வேளைகூட விடல” என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொரு மருந்து எழுதினார். அதையும் நான்தான் கொடுத்தேன்.

மகன் போனில் திட்டினான். அதிலிருந்து அக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாட்காட்டியில் காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார், அதே சிவப்புப் பேனாவால். வாரங்கள் போகப் போகக் கோடுகள் கட்டத்தை விட்டு வெளியே விழுந்தன. பக்கத்துத் தேதியில், பிறகு சுவரில். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் போட்டதா நெனச்சுக்கறேன் போல. எனக்கு மறதி வந்துடுச்சு. நீயே வந்து போட்டு விடறியாம்மா?” என்றார். அன்றிலிருந்து கடை திறக்கும் முன்னும் மூடிய பின்னும் போய்ப் போட்டேன். தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு. வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். என் தாய்க்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

டாக்டர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். “அறுக்கறதுன்னா பயமா இருக்கு” என்றார் அக்கா என்னிடம். பதினொரு முதுகை அறுத்தபோது அவருக்குக் கை நடுங்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் அக்கா, மருந்திலேயே பார்ப்போம் என்றேன்.

ஒன்பதாம் மாதம் அவரால் படிக்க முடியாமல் போயிற்று. கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, மிச்சத்தை நீ பார்த்து முடித்துவிடு என்றார். கோப்பைத் திறந்து பார்த்தேன். ஐந்தாம் தொகுதியில் என் கதை இல்லை. கடைசிப் பக்கம் வரை இறக்கிக்கொண்டே போனேன். புத்தகம் முடிகிற இடத்தில், எல்லோருடைய கதைக்கும் பின்னால் இருந்தது. மற்றவர்களின் வரிகளையெல்லாம் மாற்றியிருந்தவர் என் நான்கு பக்கத்தில் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

“பாத்தியா? அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அதான் கடைசியில வச்சேன்” என்றார், நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கும் மாலைச் சொட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதே புட்டியிலிருந்து.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இதைத்தான் நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் போட்டேன், தெரிந்தே போட்டேன். அப்போது நிஜ மருந்துக்குத் திரும்பியிருந்தால் அழுத்தம் திடீரென்று இறங்கியிருக்கும், டாக்டர் ஏன் என்று கேட்டிருப்பார். வலது கண்ணில் அப்போது ஒரு ஜன்னல் அளவுக்குப் பார்வை இருந்தது. அதை விட்டு வைத்திருக்கலாம். ஆனால் கதையைக் கடைசியில் வைத்ததற்கு நன்றி சொல்லலாமே தவிர, அறுத்தது அறுத்ததுதானே. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கேட்பார் என்று பார்த்தேன்.

மாட்டிக்கொண்டது ருசியால். முன்பெல்லாம் மருந்து போட்டால் கண்ணிலிருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும், இப்போது கசப்பதே இல்லை என்று போன வாரம் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் புட்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். அதற்குள் இரண்டு கண்ணும் முடிந்திருந்தது. வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லையாம்.

பதிப்பை நான் முடித்துவிட்டேன். ஒவ்வொரு கதையாக அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் திருத்தியிருந்த இடங்களையெல்லாம் பழையபடியே மாற்றிவிட்டேன். காதால் கேட்டும் அவர் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றார்.

யார் செய்தது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அவசரப்பட வேண்டாம், மேடம். ஆஸ்பத்திரியில் இப்போது நிஜ மருந்து போடுகிறார்களாம், நர்ஸ் கிட்டே வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாராம். மூடத்தான் செய்வார். காலை எட்டு மணிக்கு ஒரு காவலரோடு என்னைப் பத்து நிமிடம் அனுப்பி வையுங்கள். என் கை பட்டால் திறந்துவிடுவார். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?