எடை ஏறிய பிள்ளைகள்

புரோத்ராபூரில் மழைக்காலம் வந்துவிட்டால் வெல்லம் கசியும், தீக்குச்சி பற்றாது, தராசு பொய் சொல்லும். முதல் இரண்டையும் நான் பொறுத்துக்கொள்வேன், ஐயா. மூன்றாவதைப் பொறுக்கமாட்டேன். தினமும் காலையில் தட்டைத் துடைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திய பிறகுதான் முதல் குழந்தையைக் கிடத்தச் சொல்வேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் பதிவேட்டில் பொய்க்கணக்கு இருப்பதாக, விசாரிக்க வந்த தாங்கள் சந்தேகப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒன்றும் கிடையாது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். என் பெயர் திருநாவுக்கரசு. செய்யாறு பக்கம். அறுபத்திரண்டில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தேன். அறுபத்தேழில் டாக்டர் ஜம்புலிங்கம் ஒரு பழைய தகரக் கொட்டகையைப் பிரசவ விடுதியாக்கி, எடை குறைந்து பிறக்கும் சிசுக்களை எதைக் கொடுத்துத் தேற்றலாம் என்று ஆராய்ச்சி தொடங்கினார். என்னை எழுத்தராகச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் ரைட்டர் சார் என்பார்கள்.

இரண்டு கிலோவுக்குக் குறைந்த பதினெட்டுக் குழந்தைகள். ஒன்பதுக்குத் தாய்ப்பால். ஒன்பதுக்குப் பால் பவுடரைக் கரைத்துச் சங்கில் ஊட்டுவது. மொத்தம் நாற்பத்திரண்டு நாள். ஒரு நாள் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. பவுடர் கிடைக்காத ஒன்பது தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு வெறும் முலைப்பால்தான் கிடைக்கிறது, இது அநியாயம் என்று மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். மனுவை எழுதிக்கொடுத்ததும் நான்தான். எழுதத் தெரிந்தவன் அங்கே வேறு யாரும் இல்லை.

டாக்டர் நேர்மையானவர். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் இருக்கிறது என்பது தனக்குத் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்தார். அதனால் அவர் குழந்தைகளைப் பார்ப்பதே இல்லை. வார்டைக் கடக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். இரண்டு முறை தூணில் மோதிக்கொண்டார். என் அறையில் உட்கார்ந்து அட்டைகளை மட்டும் பார்ப்பார். அட்டையில் எடைக்கோடு ஏறினால் அவர் முகம் மலரும்.

அந்தக் கோட்டுக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று தாங்கள் அறிய வேண்டும். தாயத்து, அரைஞாண் கயிறு, வசம்பு வளையம் எல்லாவற்றையும் தனியாக நிறுத்துக் கழிப்பேன். ஏழாம் எண் குழந்தையின் வசம்பு வளையம் மூன்று கிராம் இருந்து, உலர்ந்து இரண்டானது. அதையும் திருத்தினேன்.

பதினோராம் நாள் கப்பலில் புதுப் பவுடர் வந்தது. மூன்று பெரிய காகித மூட்டைகள். கப்பல்துறையில் சரக்குக் கொட்டகை நிறைந்திருந்ததால் வெளியே இறக்கியிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு மூன்று பிரதி எழுத வேண்டும். இரண்டாவது பிரதியில் ஒரு எழுத்து பிசகிவிட்டது. அடித்துத் திருத்துவது என் வழக்கமில்லை. மறுபடி முதலிலிருந்து எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மழை வந்து ஓய்ந்துவிட்டது. மூட்டைகளைப் பிரித்தபோது உள்ளே சுண்ணாம்புக் கல் மாதிரி இருந்தது. பதினான்காம் நாளோடு பழைய பவுடரும் தீர்ந்தது. அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஆராய்ச்சி நின்றுவிடும். மெயின்லேண்டில் வாசிக்கப்போகும் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதியிருந்தார். அதற்காக அல்ல. அது ஒரு வரிதானே.

வேறு வழி உண்டா என்று ஜங்லிகாட் கடைத்தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அப்துல் கனி பாய் கடையில் குழந்தைகள் பால் பவுடர் டப்பா ஐம்பதுக்கு மேல் அடுக்கியிருந்தது. விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னேன்.

"சோட்டா பச்சா பசியில கிடக்குதுன்னா யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு, ரைட்டர் சாப்? எல்லாத்தையும் ஏத்திட்டுப் போங்க. துட்டு வேணாம்" என்றார் பாய்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். வேறு மார்க்கு. ஆராய்ச்சி விதியில் எந்தக் கம்பெனிப் பவுடர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வேறு பவுடர் கலக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பாய்க்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். விதியை வரிவரியாகப் படித்தேன். மாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பக்கத்து ஊரான சிப்பிகாட்டில் கூவைக்கிழங்கு நன்றாக விளைகிறது. அந்த மாவு பவுடரைவிட வெள்ளை. காய்ச்சிச் சர்க்கரை போட்டால் பால் மாதிரியே இருக்கும். முதலில் நானே மூன்று நாள் குடித்துப் பார்த்தேன். முந்நூறு கிராம் ஏறினேன். நான் சோறும் சாப்பிட்டேன் என்பது உண்மைதான்.

குழந்தைகளுக்கு ஏறவில்லை. ஐந்து நாள் கோடு படுத்துக்கிடந்தது. டாக்டர் அட்டைகளைப் பார்த்துச் சாப்பிடாமல் போனார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று அவருடைய புத்தகத்தில்தான் இருந்தது. கஞ்சியில் உப்புச் சேர்த்தேன். நான்காம் நாள் கோடு எழுந்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. தட்டில் முள் காட்டியதைத்தான் எழுதினேன், ஐயா. ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை.

ஏழாம் எண் குழந்தைதான் எல்லாரையும்விட முந்தியது. அவன் தாய் மங்கையர்க்கரசி, ராமநாதபுரத்துக்காரி. கணவன் ரோடு போடும் வேலையில் தூரத்து மாயாபந்தரில் இருந்தான். பவுடர்க் குழுத் தாய்மார்கள் முலை கொடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஒரு காலையில் பிள்ளையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், கால அமுக்குனா குழி விழுகுது. விரல எடுத்தாலும் அப்படியே நிக்குது. இது சதையா சார்?"

அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்தது, உண்மைதான். நான் அட்டையை எடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் கீழிருந்து மேலாக நகர்த்தினேன். "இதுதான் உன் பிள்ளை. எவ்வளவு உயரம் ஏறியிருக்கான் பாரு" என்றேன். அவள் சிரித்தாள். மற்றத் தாய்மார்களிடமும் போய்ச் சொன்னாள். தினமும் காலையில் அந்தக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அன்னம்மாள்தான் சிக்கல். வார்டு நர்ஸ். இருபது வருடம் பிரசவம் பார்த்தவள், அதனால் யாருக்கும் அடங்கமாட்டாள். சங்கில் மிச்சம் இருந்ததை நக்கிப் பார்த்துவிட்டு நேரே டாக்டரிடம் போனாள். அவள் "டாக்டர், பவுடர்க் குழந்தைங்க" என்று ஆரம்பித்ததும் அவர் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். எந்தக் குழந்தை எதைக் குடிக்கிறது என்று என்னிடம் சொல்லக் கூடாது, ஆராய்ச்சியே கெட்டுவிடும் என்றார். அவள் பேசப் பேச, அவர் கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஐந்து அட்டைகளில் கோடு இறங்கியது. ஒரே நாளில் எண்பது கிராம், நூறு கிராம். எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ விதியை மீறுகிறார்கள். சமையலறை அலமாரியில் தேடினேன். கனி பாய் கடை டப்பா. அவள் கைக்கு எட்டிய ஐந்து பிள்ளைகளுக்கு அதைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிய, எடையும் வடிந்தது.

அட்டைகளையும் டப்பாவையும் டாக்டர் முன் வைத்தேன். அனுமதியில்லாத உணவால் ஐந்து சிசுக்கள் எடை இழந்தன என்று எழுத்திலும் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அன்னம்மாளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

போகும்போது அவள் என் அறை வாசலில் நின்றாள். கத்தவில்லை.

"ரைட்டர் சார், அதுங்க வாயில என்ன ஊத்துறீங்கன்னு உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத்தான் தெரியாது."

விதிப்படி எனக்கும் டாக்டருக்கும் அதுதான் வேலை என்றேன்.

அந்த ஐந்து தாய்மார்களும் பிள்ளைகளோடு அவள் பின்னாலேயே ஜங்லிகாட்டுக்குப் போய்விட்டார்கள். கோடு இறங்கிய பிள்ளைகள்தானே, டாக்டரும் தடுக்கவில்லை. மற்ற நான்கு பேரையும் அன்னம்மாள் கூப்பிட்டாள். அவர்கள் வரமாட்டோம் என்றார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் நன்றாக ஏறிக்கொண்டிருந்ததே. மங்கையர்க்கரசி அவளிடம், "எம்புள்ள அட்டையப் பாத்தியாக்கா?" என்று கேட்டாளாம்.

முப்பத்தாறாம் நாள் முதல் குழந்தை போனது. முப்பத்தெட்டில் ஒன்று, நாற்பதில் ஒன்று. பிறந்த கூறு அப்படி என்று தாய்மார்களே சொல்லிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாம் நாள் விடியற்காலையில் ஏழாம் எண். மங்கையர்க்கரசி அவனை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான் என்றாள். அன்றைய கட்டம் காலியாக இருந்தது. கடைசிக் கட்டம். அவனை வாங்கித் தட்டில் கிடத்தினேன். இரண்டு கிலோ எழுநூற்றுப் பத்து. வளையத்துக்கு இரண்டு கிராம் கழித்தேன். டாக்டர் அட்டையைப் பார்த்து, மிக அருமை என்றார். பிறகு, அந்தத் தாய் ஏன் அழுகிறாள் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக வார்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் போனார். இப்போது அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

நான்கு குழந்தைகளுக்கும் மாவும் உப்பும் என் கையால்தான் கலந்தேன். பால் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தேதான் கலந்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

என் பக்கம் ஒரு குறை நடந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைச் சாவியை நான் அன்னம்மாளிடம் விட்டுவைத்திருக்கக் கூடாது. அந்த ஐந்து பிள்ளைகள் பிழைத்தது என் கவனக்குறைவு.