கோப்பரல் ஹாஷிம் வந்து போன வீடு

இல்ல மேடம், சப்பாத்தக் கழட்ட வேணாம், அப்படியே உள்ள வாங்க. லிஃப்ட் கெட்டுப்போயி மூணு வாரமாவுது, நாலு மாடியும் ஏறியா வந்தீங்க? அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. சட்டையில என்ன பேரு போட்டிருக்கு? மாதுமை. யாழ்ப்பாணத்து ஆளுங்களா? பேச்சுலயே நெனச்சேன். எங்க தோட்டத்துல கணக்கு எழுதுன கிராணியும் அந்த ஆளுங்கதான். அவரு வீட்டு வாசப்படி தாண்டி நாங்க உள்ள போனதில்ல. நீங்க என்னடான்னா இன்ஸ்பெக்டரா இருந்துகிட்டு என் வீட்டுல உக்காந்திருக்கீங்க.

எத்தன வீட்டுல கதவு தொறந்தாங்க? ரெண்டா? என்னோடதயும் சேர்த்தா? ம். மனசுல வச்சுக்காதீங்க. முன்ன இப்படி இல்ல இந்த பிளாட்டு.

நாங்க வேல செஞ்ச கோப்பெங் தோட்டத்த வித்துட்டு எங்கள இந்த ஈப்போவுக்குக் கொண்டாந்து விட்டப்ப, போலீஸ்னா பயந்தான். நீலச் சட்டையப் பார்த்தாலே சாத்திக்குவோம். அப்பத்தான் கோப்பரல் ஹாஷிம் வந்தாரு. உங்களுக்குத் தெரியாது, நீங்க வர்றதுக்கு முன்ன. செவ்வாக்கெழம தவறாம வருவாரு. எதுவும் விசாரிக்க மாட்டாரு. கீழ சீனின்னு நம்மாளு ஒருத்தன் வச்சிருந்த மோட்டார் சைக்கிள் பட்டறையில ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து அவங்கிட்ட தமிழ் படிப்பாரு. மொத மொத கத்துகிட்டது சாப்டாச்சா. பார்க்கிற ஆளையெல்லாம் சாப்டாச்சா, சாப்டாச்சா.

ஒரு நா இங்க குடியிருந்த பழனியப்பன் எறந்துட்டாரு. அந்தச் சாவு வீட்டுக்கு வந்து நின்னுகிட்டு, என்ன பேசுறதுன்னு தெரியாம, அங்கயும் அதையே கேட்டுட்டாரு. யாரும் சிரிக்கல. அழுதுகிட்டிருந்த பழனியப்பன் பொஞ்சாதி நிமுந்து பார்த்து, இல்லீங்க, காலையிலேருந்து யாரும் சாப்புடலன்னா. மனுஷன் வெளிய போனாரு. அர மணி நேரத்துல ரொட்டியும் தே தாரிக் டீயும் அம்பது பேருக்குக் கட்டிகிட்டு வந்துட்டாரு. அன்னிலேருந்துதான் ஆளுங்க அவருகிட்ட வாயத் தொறந்தாங்க லா. அப்புறம் பக்கத்து சூராவ் பள்ளிவாசல்ல தொழுவுற நேரத்துக்கு நம்ம காவடி மேளத்த நிறுத்துறதும், காவடி ரோட்டத் தாண்டுறப்ப சூராவ் ஆளுங்களே நின்னு வர்ற கார் காடிய மறிச்சு வுடுறதும், எல்லாம் அவரு பேசிப் பேசிப் பண்ணுனது.

டீ எடுங்க மேடம். இனிப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

இவனா, படத்துல? மகன். தர்மேந்திரன். அவங்கப்பா போனப்புறம் நானும் இவனுந்தான் இங்க. நான் மார்க்கெட்டுக்கிட்ட ஒரு சீனரு கோப்பிக் கடையில மங்கு தட்டு கழுவுறேன். காலையில அங்க ஒரு சீனக் கெழவி அரவேக்காட்டு முட்ட சாப்புட வரும். என்னய அமோய்னுதான் கூப்புடும். அம்பத்தெட்டு வயசுல என்னயச் சின்னப் பொண்ணா நெனச்சது அது ஒண்ணுதான். ஒரு நா அது கடைய விட்டு எறங்கிப் போவுது, மோட்டார்ல ஒருத்தன் வந்து கைப்பைய இழுத்தான். வாரு கையில சுத்தியிருக்கு. அவன் நிறுத்தல. கொஞ்ச தூரம் தரையோட இழுத்துகிட்டே போயிட்டான். இடுப்பு எலும்பு போச்சு.

ஆமா மேடம். இவந்தான்.

மூணாம் நாள் மத்தியானம் வந்து புடிச்சாங்க. சோறு தின்னுகிட்டிருந்தான். கை கழுவ விட்டாங்க. அஞ்சு வருஷம் ஜெயில், ரெண்டு ரோத்தான் பெரம்படி. அந்த அடி விழுந்த அன்னிக்கி நான் வேலைக்குப் போயிட்டேன். வீட்டுல உக்காந்திருக்க முடியல.

பிளாட்டே என் வீட்டுல கெடந்துச்சு அப்ப. கீழ் வீட்டு மாரியம்மா ஒரு வாரம் சோறாக்கிக் கொண்டாந்தா. இதே எடத்துல உக்காந்துகிட்டு, எவனோ போலீசுக்குச் சொல்லியிருக்கான், அவன் வெளங்கவே மாட்டான்னு ஏசுவாங்க. நானும் தலைய ஆட்டிகிட்டு இருப்பேன். ஏசி ஏசி, கடைசியில சீனிதான்னு முடிவாயிடுச்சு. கோப்பரல் வாரா வாரம் உக்காந்தது அவன் பட்டறையிலதான? அப்புறம் ஒருத்தரும் மோட்டார் கொண்டு போயி வுடல. கோயில்ல அவன் குடுத்த மாலைய வாங்கல. அவன் மக ஷாமினிகூட வெளையாடக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டாங்க.

அவன் பொண்டாட்டி தினேஸ்வரி வந்தா இங்க. அக்கா, பிள்ளையப் பறிகுடுத்தவங்க நீங்க, நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கேப்பாங்க, என் வீட்டுக்காரரு அப்படிச் செய்யலன்னு சொல்லுங்கன்னா. எனக்குத் தல வலிக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த மாசம் பட்டறைய மூடிட்டு பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோப்புல அவ அப்பா வீட்டோட போயிட்டாங்க.

கோப்பரலா? அவருக்கும் ஒருத்தரும் தொறக்கல. ஆனாலும் செவ்வாக்கெழமையில வந்து நாலு மாடியும் ஏறி எறங்கிப் போவாரு. மாத்தலாகிப் போறதுக்கு முன்ன இந்தக் கதவத் தட்டுனாரு. பெரியம்மா கணக்கா மக்சிக்னுதான் என்னயக் கூப்புடுவாரு. மக்சிக், சாப்டாச்சான்னாரு. நான் உள்ள நின்னுகிட்டு மூச்சு வுடல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு எறங்கிட்டாரு.

இப்பல்லாம் யாரும் வர்றதில்ல. அவங்க என்னய ஒதுக்கல மேடம். அவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் அவங்க பாவம் பார்த்துப் பேசுறதக் கேக்க முடியல. டிவிய சத்தமா வச்சிகிட்டா, தட்டுனது கேக்கலன்னு நெனச்சுப் போயிடுவாங்க.

என்னது? தர்மேந்திரன் கேஸ் ஃபைல்ல தகவல் குடுத்தவங்க பேரு இல்லையா? இருக்காது. எழுத மாட்டேன்னாரு கோப்பரல், எழுதல. அவரு சொன்னா சொன்னதுதான்.

நாந்தான் மேடம்.

டீ ஆறிடுச்சு போல. வேற கலக்கவா? சரி, இருக்கட்டும். அரிசி டின்னுக்குப் பின்னாடி இருந்துச்சு அந்தப் பை. தொறந்தா உள்ள கெழவியோட பல் செட்டு, ஒரு டிஷூவுல சுத்தி. அதப் பார்த்துட்டு ரெண்டு நாளு நான் சாப்புடல. கோப்பரலுக்குத்தான் போன் பண்ணுனேன். வேற எந்தப் போலீசா இருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன். நல்லா யோசிச்சியா மக்சிக்னு ரெண்டு தடவ கேட்டாரு.

போன மாசம் ஜெயிலுக்குப் போனப்ப அவங்கிட்ட சொல்லிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், போன்லதான பேசணும். கேட்டுட்டு போன வச்சிட்டான். ஆனா எழுந்து போவல மேடம். டைம் முடியிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தான். நானும் உக்காந்திருந்தேன்.

இந்த வட்டாரத்துல ஏதாச்சும் பிரச்சன இருக்கான்னு கேட்டுகிட்டுத்தான வந்தீங்க. இதுதான். பாகான் டத்தோவுல சீனி வீடு எங்கன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. இல்ல, நீங்க கூட வர வேணாம். போலீஸ் காடி போயி நின்னா தினேஸ்வரி பயந்துடுவா. நான் பஸ்ஸுலயே போய்க்குறேன்.