மூன்று ஹோடி

என் வாசலில் யார் வந்து, உள்ளே வரலாமா என்று "ஹோடி" கூப்பிட்டாலும் நான் உள்ளேயிருந்து பதில் சொல்வதில்லை. உள்ளே வாருங்கள் என்று "கரிபு" சொல்ல வேண்டியது வீட்டுக்காரன் கடமை. அது எனக்கும் தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவேன், அவ்வளவுதான். கிழவனுக்கு மரியாதை தெரியாது என்று எஸ்டேட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நீ மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாய். அதனால்தான் உன்னை உட்கார வைத்திருக்கிறேன், மகளே. வேலை தெரிந்த பெண் நீ.

நீ கேட்டது இவ்வளவுதான். இந்த முப்பத்தேழாம் எண் வீடு கியாலோவின், அதாவது என், கைக்கு எப்படி வந்தது, அப்போது உள்ளே யாராவது குடியிருந்தார்களா. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடிவீடு கட்டப்போகிறீர்கள், பழைய ஆட்களுக்கு முதலில் கொடுப்பீர்கள் என்கிறாய். நான் நம்பவில்லை. பட்டியல் எடுக்க வந்தவர்களை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். இருந்தாலும் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். வாசல் நிலையைச் சுற்றிப் பார், பழைய சாந்தின் தடம் இருக்கிறது. இடிக்கும்போது எவனாவது கேட்பான். அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மச்சாக்கோஸ் ஊரிலிருந்து வந்து, நகரசபைக் குடியிருப்பான இந்த எஸ்டேட்டில் காவல்காரனாகச் சேர்ந்தேன். காவல் என்பது பேருக்குத்தான். இருநூற்று நாற்பது வீடு, ஆறு குழாய், ஒரு சாவி வளையம். சாக்கடை அடைத்தாலும் நான், கூரைத் தகரம் பறந்தாலும் நான். ஆனால் இந்த மாதிரி வீடுகளை நிர்வாகம் பண்ணுவதில் குழாயும் கூரையும் பெரிய கஷ்டமே இல்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். வாடகை அட்டையில் ஒரு பெயர் இருக்கும், கதவைத் திறந்தால் அவனுடைய மச்சானின் தம்பி நிற்பான். செத்து நாலு வருஷமானவன் அட்டையில் உயிரோடு இருப்பான். "அவரு ஷிஃப்ட்ல இருக்காரு, சாயங்காலம் வாங்க" என்பார்கள். வெளியே வீடு கேட்டுப் பதினொரு வருஷமாகக் காத்திருக்கும் ஆட்கள் என்னைத் திட்டுவார்கள். மேலே இருப்பவர்கள் காலி வீடு எத்தனை என்று என்னையே கேட்பார்கள்.

அதனால் நான் ஒரு விதி வைத்தேன். பகல் வெளிச்சத்தில், கூட ஒரு சாட்சியோடு, வாசலில் நின்று மூன்று ஹோடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெண் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கையைத் துடைத்துக்கொண்டு வரும் நேரம் விடுவேன். மூன்றுக்கும் கரிபு வரவில்லை என்றால் வீடு காலி. வாசலைக் கல் வைத்து அடைத்து, ஜன்னலில் தகரம் அறைந்துவிடுவோம். அடைக்காவிட்டால் மறுநாளே எவனாவது குடியேறிவிடுவான். என் விதியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அது வேலை செய்தது. இந்த ஊரில் ஹோடி கேட்டால் கரிபு சொல்லாமல் யாராலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஒளிந்திருந்தவன்கூடக் கட்டிலுக்கு அடியிலிருந்து கரிபு சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்த வீட்டில் அப்போது ஒகூமு இருந்தான், ரயில் யார்டில் வேலை. ஊரில் அவனுக்கு ஒரு மனைவி, அட்டையில் அவள் பெயர். இங்கே அவனோடு இருந்தவள் கெமுன்டோ, கிசி ஊர்ப் பக்கத்துப் பெண். ஆறு வருஷம் இருந்தாள். அவளுடைய அப்பன் வீட்டுக்கு இவன் பரிசமாக ஒரு மாடுகூட ஓட்டிப் போனதில்லை. மாடு போகாத பெண் மனைவியா இல்லையா என்று ஆள் உயிரோடு இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை.

ஒரு ஏப்ரல் மாதம் ஒகூமு நெஞ்சடைத்துச் செத்தான். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனுடைய ஆட்கள் லாரியோடு வந்தார்கள். எங்கே செத்தாலும் சொந்த ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும், அது உனக்குத் தெரியாததா. சவப்பெட்டியோடு மனைவியும் போவாள், அதோடு பட்டணத்து வீடு முடிந்துவிடும். எஸ்டேட் முழுவதும் வந்து பாட்டுப் பாடி வழியனுப்பியது. கெமுன்டோ பெட்டிக்குப் பக்கத்தில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ரோடாவின் அம்மா லாரி பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய்க் கையசைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

பொழுது சாயும்போது நான் வாசல் கேட்டில் இருந்தேன். ஜனங்கள் குழாயடியில் இருந்த நேரம். கெமுன்டோ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"என்ன, லாரி எங்க?" என்றேன்.

"போயிருச்சு, பெரியவரே. என்னையப் பாலத்துகிட்ட இறக்கி விட்டுட்டாங்க."

"யாரு?"

"அவரோட அண்ணன்தான். 'உன் அப்பன் தொழுவத்துல எங்க மாடு ஏதாச்சும் நிக்குதா'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். 'அப்ப நீ எந்த உரிமையில எங்க வீட்டு வாசலுக்கு வர்றே, இறங்கு'ன்னுட்டாரு." கொஞ்சம் சிரித்தாள். "ஆறு வருஷம் உகாலிக் களி கிண்டிப் போட்டேன். மனுசன் ஒரு ஆட்டுக்குட்டியாச்சும் அனுப்பியிருக்கலாம்."

"இப்ப என்ன பண்ணப்போறே?"

"உடம்பு கொதிக்குது. நாலு நாள் படுத்து எந்திரிச்சு எங்க அம்மா ஊருக்குப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரோடாம்மா அப்படி அழுது அனுப்பி வெச்சாளே, அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்."

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கை நான் இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

இப்போது என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். ஜூனில் எனக்கு ஓய்வு. காவல்காரனுக்குக் கக்கூஸ் வரிசைக்குப் பின்னால் ஒரு அறை, வேலையோடு வந்தது வேலையோடு போய்விடும். இருபத்தாறு வருஷம் இருநூற்று நாற்பது வீட்டுச் சாவியை இடுப்பில் கட்டியவனுக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. ஒரே ஒரு வழி இருந்தது. ஓய்வு பெறும் வேலைக்காரன் காலி வீடு ஒன்றைக் கேட்கலாம். அது முப்பது நாள் அடைத்துக் கிடக்க வேண்டும், உரிமை கேட்டு யாரும் வரக்கூடாது. அப்படி எந்த வீடு வந்தாலும் கடைசி நிமிஷத்தில் மேலே இருக்கும் எவனுடைய மருமகனோ வந்துவிடுவான். முப்பத்தேழு அப்படி இல்லை. எஸ்டேட்டே நின்று கையசைத்து அனுப்பிய வீடு அது. சுத்தமான காலி வீடு.

மறுநாள் காலையில் கொத்தன் ஜைரோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். விதிப்படி மூன்று ஹோடி. நேரம் விட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன், அவசரப்படவில்லை. கரிபு வரவில்லை.

ஜைரோ தலையைச் சாய்த்தான். "உள்ள யாரோ இருமின மாதிரி இருந்துச்சே."

"எலி."

"எலி எங்கயாச்சும் இருமுமா, பெரியவரே?"

"நகரசபை எலி. ஒழுகுற கூரைக்குக் கீழயே இருக்கு, சளி பிடிக்காதா?"

அவன் சிரித்துவிட்டுக் கல்லை எடுத்தான். நல்ல கொத்தன். கல் இடுக்கில் சாந்து பிதுங்காமல் வைப்பான். மத்தியானத்துக்குள் வாசல் சுவராகிவிட்டது. ஜன்னலுக்கு உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது, வெளியே தகரத்தை நானே அறைந்தேன். வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, பின்வாசல் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் சாந்து இறுகுவதற்கு முன்னால் நாலு கல்லை உருவி அவளை வெளியே எடுத்து பஸ் ஏற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். ஆனால் அன்றைக்கே மேற்பார்வையாளர் அடைத்த வீட்டைப் பார்க்க வந்துவிட்டார், நெடுநேரம் நின்றார். மறுநாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். அப்புறம் சாந்து இறுகிவிட்டது. இறுகிய சுவரை உடைத்தால் ஏன் உடைத்தாய் என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தந்த நாளுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் சோம்பேறி அல்ல.

ஆறாம் நாள் ரோடாவின் அம்மா என் அறைக்கு வந்தாள். மீன் விற்கிறவள், எதற்கும் பயப்படமாட்டாள். அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பெரியவரே, முப்பத்தேழுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அடைச்சாச்சு."

"சுவத்தைத் தட்டுது. தட்டிட்டு ஹோடிங்குது. மெதுவா, நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"சுவத்துக்குள்ளருந்து வர்றதுக்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன."

"ஒகூமுதான். நேத்து அவனைப் புதைச்சிருப்பாங்க. ஆறு வருஷம் இருந்த வீட்டைத் தேடிக்கிட்டு வர்றான். நீ பதில் ஏதும் சொன்னியா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லிடாதே. கரிபுன்னு சொல்லிட்டா உன் வீட்டுக்குள்ள வந்துருவான். அப்புறம் போகமாட்டான்."

அவள் அன்றைக்கே துணியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தப் பேச்சு எஸ்டேட் முழுவதும் பரவியது. இந்த வரிசைப் பக்கம் யாரும் வரவில்லை. குழாய்க்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொந்தரவாகவும் இல்லை.

முப்பதாம் நாள் மேற்பார்வையாளர், ஜைரோ, ஒரு போலீஸ்காரர், நான் எல்லோரும் நின்று சுவரை உடைத்தோம். நான்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூரையில் ஒரு தகரம் தளர்ந்திருந்தது. அடக்கத்திலிருந்து துரத்திவிட்டிருப்பார்கள், வந்து கூரை வழியாக இறங்கி, காய்ச்சலில் செத்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தகரத்தைத் தளர்த்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஜைரோ மட்டும் என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் இந்த எஸ்டேட்டில் கல் எடுத்து வைக்கவில்லை. ரோடாவின் அம்மா திரும்பி வந்து மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அது ஒகூமு இல்லையே, பெரியவரே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பதினாலு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நடந்தால் அவள் பக்கத்துச் சுவரில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வீடு ஜூனில் என் பெயருக்கு வந்தது. நல்ல வீடு. வெள்ளையடித்தேன், ரோடாவின் பக்கத்துச் சுவருக்கு மட்டும் இரண்டு தடவை. கையெட்டும் உயரத்தில் அடையாளம் இருந்தது. இன்னும் தெரிகிறது, உன் தலைக்குப் பின்னால். நாற்காலியை நகர்த்த வேண்டாம், அது ஒன்றும் செய்யாது.

நீ பேனாவை நிறுத்திவிட்டாய். காய்ச்சலில் கிடந்தவள்தான், மூன்று ஹோடிக்கு ஒரு கரிபு சொல்ல முடியாதா என்று யோசிக்கிறாய். எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று நான்தானே சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம், கேட்டில் வைத்து நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "நாளைக்கு ஆபீஸ்காரங்க வருவாங்க. யார் குரலா இருந்தாலும் சரி, என் குரலாவே இருந்தாலும் சரி, கரிபு சொல்லாதே. கல்லு வெப்போம், அது அவங்க கண்ணுக்கு. சாயங்காலம் நானே வந்து எடுத்துடறேன்."

"சரி, பெரியவரே. நீங்க இருக்கீங்கல்ல" என்றாள்.

சொன்னபடி நடந்தாள். முதல் நாள் சாயங்காலம் தகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் காலடி அவளுக்குத் தெரியும். "போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல, சத்தம் போடாதே" என்றேன். இரண்டாம் நாளும் கேட்டாள், நாலாம் நாளும் கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். உள்ளே அரைக்குடம் தண்ணீர் இருந்தது. அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவ்வளவு ஒழுங்கான குடித்தனக்காரி எனக்கு வேறு யாரும் அமைந்ததில்லை.

ஒன்பதாம் நாள் கடப்பாரையோடு வந்தேன். உடைக்கத்தான் வந்தேன். சுவருக்கு முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து, மிகவும் கீழே, தரையிலிருந்து வருவதுபோல் "ஹோடி" என்றாள். ஒரு வார்த்தைதான் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கூப்பிட்டாள். நான் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை மூச்சாகத்தான் வந்தது.

மூன்றுக்கும் பதில் வரவில்லை. அப்படியென்றால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம், மகளே. அதுதான் விதி. உன் பட்டியலில் காலி என்றே எழுதிக்கொள்.