இடது கால்

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு லாரி இருந்துச்சாம், அதுக்குக் கிளச்சே இல்லியாம்னு கதையாட்டத்தான் ஆரம்பிக்கோணுமுங்க, காளியண்ணா. நேராச் சொன்னா எனக்கு வாய் வராது. நீங்க பாட்டுக்கு மேல மொளகு பறிங்க. ஏணியை நான் கெட்டியாப் புடிச்சிருக்கறேன்.

இல்லீங்க, டீ இப்பத்தான் ஊட்டுல அத்தாயி அக்கா குடுத்தாங்க. உங்க பையன் இளங்கோகிட்டயும் பேசிட்டுத்தான் வாரேன். ரெண்டு காலுலயும் இன்னும் உணர்ச்சியே வல்லைங்கறான். அப்படியும் சிரிக்கறான். வாங்க முருகானந்தண்ணா, மாட்டைக் காப்பாத்துன மகராசாங்கறான்.

அந்த லாரியப் பத்தித்தானுங்க சொல்ல வந்தேன். இருவத்தாறு வருசமா நான் ஓட்டுனது கிளச்சு மிதிச்சுக் கியர் போடற வண்டி. இந்தப் புது வண்டியில கியர் தானா மாறிக்கும். காலுக்கடியில ரெண்டே பெடலு, பிரேக்கும் ஆக்சிலேட்டரும். சும்மா நின்னா அஞ்சே நிமிசத்துல எஞ்சினும் தானா அணைஞ்சுக்கும். டீசல் மிச்சம்னாங்க ஆபீசுல. அப்பறம் தனி பேட்டரியில ஏசி ஓடும். முன்னயெல்லாம் லோடு எறக்கக் காத்துக் கெடந்தா எஞ்சின் தடதடன்னு ஆடிக்கிட்டே இருக்கும், புகை வேற. ஒருத்தனும் கண்ணை மூட முடியாது. இதுல என்ற சீட்டுக்குப் பின்னால படுத்தா, என்கூட வண்டிக்கு வந்த உங்க பையன் தொட்டில் புள்ளைதான்.

என்னங்க? ஆமா, ஆமா, வலப்பக்கம் நவுத்தறேன். ம், ஏறுங்க.

எனக்குத்தான் அது ஒத்து வல்லீங்க. நம்ம மலையில எழுவது வளைவும் எறங்கிப் பழகுன காலு இது. எறக்கத்தைப் பாத்தா, நான் சொல்லாமயே இடது காலு கிளச்சைத் தேடும். அங்க இருக்கறது பிரேக்கு. காலை மடக்கிச் சீட்டுக்கடியில வெச்சுக்கங்கன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அது எங்க கேக்குது? துண்டை எடுத்து, காலைச் சீட்டோட சேத்துக் கட்டிக்கிட்டு ஓட்டுனேன். பயிர் மேயற மாட்டையாட்டக் கட்டி வெச்சிருக்கறாரு பாருங்கன்னு, டோல்கேட்டுல நிக்கற டிரைவருககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சான் உங்க பையன்.

அன்னிக்கு நாக்பூரு தாண்டி, ஜவ்வரிசி லோடு. பகல் பதனோரு மணி, ரோடு வெறிச்சோடிக் கெடக்குது. அவன் பின்னால தூங்கறான். முன்னால எறக்கம்.

மாடுங்களா? வாரேனுங்க, அதுக்குத்தான் வாரேன். குறுக்க வந்த அந்த மாடு பொழைச்ச புண்ணியத்துல பையன் எந்திரிச்சு நடக்கோணும்னு, இருக்கற ஒரே கன்னுக்குட்டியைக் கோயிலுக்கு விடறதா நீங்க வேண்டிக்கிட்டீங்களாமா. அக்கா போன்ல சொன்னாங்க. அதக் கேட்டதுல இருந்து சோறு எறங்கலீங்க. அதான் பஸ் ஏறிட்டேன்.

மாடே வல்லீங்கண்ணா.

துண்டு கட்டலீங்க அன்னிக்கு. முந்துன நாளு டீக்கடையில நாலு பேரு முன்னால சிரிச்சுட்டான், எனக்கு ரோசம். எறக்கம் வந்துச்சு, இடது காலு தானா பிரேக்குக்குப் போயிருச்சு. முழுசா மிதிச்சுட்டேன். தூங்குனவன் அப்படியே பறந்து வந்து முன்கண்ணாடியில... போலீசு கேட்டப்ப வாயில மாடுன்னு வந்துருச்சு. அவன் சொல்லிச் சிரிச்ச மாடுதானுங்க அது. அவனும் அதையே நம்பிக்கிட்டான்.

ஏனுங்க, ஏன் எறங்கறீங்க? கூடை இன்னும் ரொம்பலீங்களே. பாத்து, பாத்து வைங்க காலை.

ஒரு வார்த்தை வஞ்சுட்டாவது போங்கண்ணா. ஊட்டுக்குத்தான் போறீங்களா? அவங்கிட்ட நீங்க சொல்றீங்களா, நானே வந்து சொல்லட்டுங்களா?

காளியண்ணா... ஏணியை நான் விடலீங்க. புடிச்சுட்டேதான் நிக்கறேன்.